மழையைத் துடைத்த இறப்பர்

இலங்கையில் மழைக்குப் பேர்போன நகரங்களைக் கணக்கிடப் புகுந்தால் இரத்தினபுரியை முதல் வரிசையில் வைத்தல் வேண்டும். அங்கே ஓராண்டிற் பெய்யும் மழை 3,500 மில்லிமீற்றருக்கும் மேற்பட்டது. தென்மேற்குப் பருவக்காற்று வைகாசியில் வந்து சிவனொளிபாதமலையின் மேற்குச் சரிவில் மோதியதும், களுகங்கையும் களனிகங்கையும் பெருக்கெடுக்கத் தொடங்கும். ஐப்பசியில் மீண்டும் ஒரு மழைக்காலம் வரும். அயலிலுள்ள கேகாலையும் மழையில் அதிகம் பின்தங்கியதன்று. இவ்விரு மாவட்டங்களும் சேர்ந்ததே சப்பிரகமுவ மாகாணம். தேயிலையும் இறப்பரும் இங்கே செழித்திருப்பதற்கும், தெருக்கள் வழுக்குவதற்கும், மலைச்சரிவுகள் பெயர்வதற்கும் மழையே காரணம்.

இத்தகைய மலைநாட்டில் மோட்டார் வண்டி ஓட்டுபவருக்கு இயந்திரமும் தடையும் எவ்வளவு இன்றியமையாதனவோ, அவ்வளவு இன்றியமையாதது முன்கண்ணாடியின் மீது அசையும் ஒரு சாண் நீள இறப்பர்த் துண்டு. ஊரார் அதனை வைப்பர் என்பர்; எழுத்து வழக்கில் துடைப்பான் எனலாம். அதன் விலை, வண்டியின் விலையோடு வைத்துப் பேசத்தக்கதன்று. ஆயினும், கிதுல்கலையிலிருந்து மேலேறும் தெருவிலோ, இறக்குவானைக்கு அப்பால் புலுத்தொட்டக் கணவாயின் கொண்டையூசி வளைவிலோ, எதிரே இறங்கிவரும் லொறியை உரிய நேரத்தில் காண்பதும் காணாமற் போவதும் அந்த இறப்பரின் மெல்லிய விளிம்பைப் பொறுத்தனவாகும். அச்சிறு பொருள் எவ்வாறு தோன்றியது, சப்பிரகமுவத் தோட்டங்களுக்கும் அதற்கும் என்ன உறவு, பழைய வண்டியொன்றுக்குப் புதிய துடைப்பானைப் பூட்டுவது ஏன் ஒரு கலையாக வளர்ந்தது என்பவற்றை ஆராய்வது பயனுடையது.

மோட்டார் வண்டி தோன்றிய காலத்தில் துடைப்பான் இருக்கவில்லை. மழை பெய்தால் ஓட்டுபவர் கண்ணாடியின் மேற்பாதியைத் திறந்துவிட்டு முகத்தில் மழையை வாங்கிக்கொண்டு ஓட்டுவார். அல்லது இறங்கித் துணியால் துடைப்பார். இந்தத் துன்பத்துக்கு மாற்றுக் கண்டவர்களுள் முதன்மையானவர் ஒரு பெண்மணி. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தைச் சேர்ந்த மேரி அண்டர்சன் என்னும் அம்மையார், குளிர்காலத்தில் நியூயோர்க் நகருக்குச் சென்றிருந்தபோது டிராம் வண்டியிற் பயணம் செய்தார். உறைபனி படிந்த கண்ணாடியூடாக எதையும் காணமாட்டாத ஓட்டுநர், அதைத் திறந்துவைத்துக் குளிரில் நடுங்கியபடி ஓட்டுவதை அவர் கண்டார். வண்டியின் உள்ளிருந்தே ஒரு பிடியைத் திருப்பினால், வெளியே இறப்பர் பதித்த கையொன்று கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் திரும்பும்படியான கருவியை அவர் வகுத்தார். அதற்கு 1903 நவம்பர் 10ஆம் திகதி காப்புரிமை வழங்கப்பட்டது. 1905இல் கனடாவிலுள்ள நிறுவனம் ஒன்றுக்கு அதனை விற்க முயன்றபோது, வாணிக மதிப்பு இல்லாதது என்று அது மறுக்கப்பட்டது. மோட்டார் வண்டிகள் எங்கும் பெருகிய காலத்தில் அவருடைய காப்புரிமையின் தவணை முடிந்துவிட்டது. அம்மையார் 1953இல் காலமானார். 2011இலேதான் அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் புகழ்மண்டபத்தில் அவர் பெயர் இடம்பெற்றது.

துடைப்பானைத் தொழிலாக வளர்த்தவருள் ஒருவர் பபலோ நகரத்து நாடக அரங்க நிருவாகியான ஜோன் ஒயிஷை. ஒரு மழையிரவில் அவர் ஓட்டிய வண்டி சைக்கிளிற் சென்ற ஒருவர் மீது மோதியது. மோதுண்டவர் உயிர் பிழைத்தார்; ஆனால் மழைத்துளி படர்ந்த கண்ணாடியே அந்த விபத்துக்குக் காரணம் என்பதை ஒயிஷை மறக்கவில்லை. 1917இல் அவர் தொடங்கிய நிறுவனமே பின்னர் டிரைக்கோ என்று உலகெங்கும் அறியப்பட்டது. அது முதலில் விற்றது, இரண்டாகப் பிரிந்த முன்கண்ணாடியின் இடைவெளியிற் செருகிக் கையால் இழுக்கும் எளிய இறப்பர்த் துடைப்பானையே. பின்னர் இயந்திரத்தின் உறிஞ்சு விசையால் அசையும் துடைப்பான் வந்தது. ஜெர்மனியின் பொஷ் நிறுவனம் 1926இல் மின்விசையால் இயங்கும் துடைப்பானை வெளியிட்டது.

உறிஞ்சு விசையால் அசையும் துடைப்பானைப் பற்றி மலைநாட்டு நேயர்களுக்குச் சிறிது விளக்கிச் சொல்லுதல் வேண்டும். பெற்றோல் இயந்திரம் ஓடும்போது, காற்றை உள்ளிழுக்கும் குழாயில் ஒரு வெறுமை உண்டாகிறது. அந்த வெறுமையை ஒரு சிறு குழாய் மூலம் துடைப்பானுக்குக் கொடுத்தால் அது இங்குமங்கும் அசையும். இதற்குத் தனி மோட்டார் வேண்டியதில்லை. செலவு குறைவு. ஆனால் வண்டி ஏற்றத்தில் ஏறும்போது ஓட்டுபவர் வேகமிதியை முழுவதும் அழுத்துவார். அப்போது குழாயிலுள்ள வெறுமை குறைந்துவிடும். துடைப்பான் தளர்ந்து நின்றுபோகும். சமதரையில் இது பெரிய குறையன்று. மலைத்தெருவிலோ, மழை மிகுந்து, வளைவு நெருங்கி, பார்வை மிகவும் தேவைப்படும் அந்த நொடியிலேயே துடைப்பான் கைவிடும். 1950களில் விற்பனையான போர்ட் அங்கிலியா, பிரிபெக்ட் வண்டிகளில் இம்முறையே இருந்தது. அவற்றை ஓட்டியவர்கள் ஏற்றத்தின் நடுவே மிதியிலிருந்து காலைச் சற்றே எடுப்பார்கள், துடைப்பான் இரண்டு முறை அசைந்து கண்ணாடியைத் துடைக்கும், மீண்டும் மிதிப்பார்கள். துடைப்பான் முற்றாகப் பழுதானால் புகையிலையைக் கண்ணாடியில் தேய்ப்பதும் உண்டு. அவ்வாறு தேய்த்தால் மழைநீர் முத்து முத்தாக நில்லாமல் படலமாகப் பரந்து வழியும். ஓரளவு கண் தெரியும்.

துடைப்பானின் உயிர்நிலை அதன் இறப்பர். அந்த இறப்பரின் வரலாற்றை நாடினால், அது மீண்டும் இலங்கையின் ஈரமான மலைச்சரிவுகளிலே கொண்டுவந்து விடும். 1876இல் ஹென்றி விக்கம் என்பவர் பிரேசில் நாட்டின் அமேசன் காட்டிலிருந்து சுமார் 70,000 இறப்பர் விதைகளை இலண்டனிலுள்ள கியூ தாவரவியற் பூங்காவுக்குக் கொண்டுசென்றார். அவற்றுள் முளைத்தவை மிகச் சிலவே. அந்த நாற்றுகளுள் 1,919, அதே ஆண்டில் கண்ணாடிப் பெட்டிகளில் வைத்து இலங்கைக்கு அனுப்பப்பட்டு, கம்பஹாவை அடுத்த ஹெனரத்கொடைப் பூங்காவில் நடப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வண்டியின் சக்கரத்துக்கு இறப்பர் பெருமளவில் தேவைப்பட்டபோது, களனிப் பள்ளத்தாக்கிலும் கேகாலை, இரத்தினபுரிப் பகுதிகளிலும் காடுகள் வெட்டப்பட்டு இறப்பர்த் தோட்டங்கள் எழுந்தன. களனிப் பள்ளத்தாக்கின் குறுகிய இருப்புப்பாதை எட்டியாந்தோட்டைக்கு 1903இலும், மற்றொரு கிளையாக இரத்தினபுரிக்கு 1912இலும் வந்து சேர்ந்தது. தோட்டத்துச் சரக்குகளைக் கொழும்புத் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்வது அதன் முதன்மையான பணிகளுள் ஒன்று.

அந்த இறப்பரை மரத்திலிருந்து எடுத்தவர்கள் யாவர்? விடியுமுன் லயத்தை விட்டுப் புறப்பட்டு, பால்வெட்டுக் கத்தியால் மரப்பட்டையைச் சாய்வாகச் சீவி, வடியும் பாலைச் சிரட்டையில் ஏந்தி, வாளியிற் சேர்த்து ஆலைக்குச் சுமந்தவர்களுள் பெருந்தொகையினர் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளரும் அவர்தம் மக்களுமே. அவர்களுக்கும் மழைக்கும் வேறொரு கணக்கு இருந்தது. மரப்பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டுக்கோட்டில் நில்லாது பரந்து வழிந்து வீணாகும். ஆகவே மழைக்காலை என்றால் பால்வெட்டு இல்லை. வெட்டு இல்லையேல் அன்றைய பேர் விழுமா என்பதே ஐயம். துரை மழையில் வண்டி ஓட்டக் கண்ணாடியைத் துடைத்தால் போதும். தொழிலாளியின் அடுப்பை அணைத்த மழையைத் துடைக்க ஒரு கருவியும் இருக்கவில்லை. பிற்காலத்தில் மரத்தில் மழைக்காப்புக் கட்டும் முறை பரவியபின் இந்த இழப்பு ஓரளவு குறைந்தது.

எந்தத் தோட்டத்துப் பால் எந்தத் தொழிற்சாலையில் என்ன பொருளாயிற்று என்று எவரும் குறித்துவைப்பதில்லை. கப்பலேறியதும் எல்லா இறப்பரும் ஒன்றே. ஆயினும் உலகச் சந்தைக்குச் சென்ற இலங்கை இறப்பரின் ஒரு கூறு, சக்கரமாகவும் குழாயாகவும் துடைப்பானின் விளிம்பாகவும் உருமாறி, பெட்டியில் அடைபட்டு இந்நாட்டுக்கே விலைபோட்டுத் திரும்பியது என்று கொள்வதில் தவறில்லை. பாலாகச் சென்றபோது பெற்ற விலையும் பண்டமாக வந்தபோது கொடுத்த விலையும் வேறு வேறு. இந்த வேற்றுமையே தோட்ட நாடுகளின் பொருளாதார வரலாற்றின் சுருக்கம். 1952 டிசம்பரில் சீனாவுடன் இலங்கை செய்துகொண்ட இறப்பர்–அரிசி உடன்படிக்கையும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. அதன்படி ஆண்டுதோறும் 50,000 தொன் இறப்பருக்கு மாற்றாக 270,000 தொன் அரிசி வந்தது. மழையில் நனைந்த மரத்தின் பால், நாட்டு மக்களின் சோறாயிற்று.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் சப்பிரகமுவத் தெருக்களில் ஓடிய வண்டிகள் பெரும்பாலும் பிரித்தானிய வண்டிகளே. ஒஸ்ரின், ஹில்மன், போர்ட் ஆகியவற்றோடு மொறிஸ் மைனர் இங்கே மிகுந்த செல்வாக்குப் பெற்றது. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த அவ்வண்டி 1948இல் வெளிவந்தது. முதலில் அதன் முன்கண்ணாடி நடுவிலே பிரிக்கப்பட்ட இரண்டு தட்டைத் துண்டுகளாக இருந்தது. 1956இல் சற்றே வளைந்த ஒற்றைக் கண்ணாடியாக மாறியது. 1971 வரை பத்து இலட்சத்துக்கும் வெகு மேற்பட்ட மொறிஸ் மைனர்கள் செய்யப்பட்டன. தோட்டத்துத் துரை, வைத்தியர், பாடசாலை அதிபர், நகரத்து வாணிகர் ஆகியோர் இத்தகைய வண்டிகளை வைத்திருந்தனர். தொழிலாளர் குடும்பத்தினர் அவற்றில் ஏறும் தறுவாய்கள் மிகச் சில; அவையும் பெரும்பாலும் துயரத் தறுவாய்கள். பேறுகால வேதனையோ பாம்புக்கடியோ நேர்ந்தபோது, தோட்டத்து லொறியோ, இரங்கிய ஒருவரின் காரோதான் கரவனெல்லைக்கோ இரத்தினபுரிக்கோ அவர்களைக் கொண்டுசெல்லும். அத்தகைய இரவுகளில் மழை பெய்யாமலிருந்தால் அது பாக்கியம். பெய்தாலோ, ஓர் உயிரும் வயிற்றிலுள்ள இன்னோர் உயிரும் ஒரு சாண் இறப்பரை நம்பிச் சென்றன.

1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி ஏற்பட்டது. புதிய கார்களின் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1970 முதல் 1977 வரை அக்கட்டுப்பாடு இன்னும் இறுகியது. கார் மட்டுமன்றி அதன் உதிரிப்பாகமும் அரிய பொருளாயிற்று. அதே காலத்தில், 1970களில், அவிசாவளைக்கு அப்பால் இரத்தினபுரி செல்லும் இருப்புப்பாதையும் மூடப்பட்டது. மக்களும் சரக்கும் தெருவையே நம்பவேண்டியதாயிற்று. பத்து ஆண்டு ஓடி ஓயவேண்டிய வண்டி முப்பது ஆண்டு ஓடியது இவ்வாறுதான். அதனை ஓடவைத்தவர்கள், இரத்தினபுரி, அவிசாவளை, கேகாலை, பலாங்கொடை முதலிய நகரங்களின் கராஜ்களிலும் தோட்டத்துப் பட்டறைகளிலும் உழைத்த பாஸ்மார்கள். தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் ஒரே வண்டியின் கீழ்ப் படுத்துக் கற்ற கல்வி அது. அதற்குப் பாடநூல் இல்லை. 1964இன் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கையின்படி இந்தியாவுக்குச் சென்ற தோட்டத்து மக்களோடு, அந்தக் கல்வியின் ஒரு பகுதியும் கப்பலேறியது.

துடைப்பான் கிடைக்காத காலத்தில் கையாண்ட உபாயங்களுள் ஒன்று, பழைய சக்கர டியூப்பைக் கத்தியாற் கீறித் துடைப்பானின் உலோக முதுகிற் செருகுவது. அவசரத்துக்கு அது உதவியது. நிலைத்த பயன் தரவில்லை. காரணம் அறியத்தக்கது. துடைப்பான் இறப்பர் வெறும் பட்டையன்று. அதன் தலைப்பகுதி உலோகத்தைப் பற்றிக்கொள்ளும். நடுவில் மெலிந்த ஒரு கழுத்து உண்டு. கழுத்தின் கீழே கூரிய விளிம்புடைய நாக்கு இருக்கும். துடைப்பான் வலமாகச் செல்லும்போது நாக்கு இடமாகவும், இடமாகச் செல்லும்போது வலமாகவும் அந்தக் கழுத்திலே புரளவேண்டும். அப்போதுதான் விளிம்பு கண்ணாடியை வழித்துச் செல்லும். டியூப்பிற் கழுத்து இல்லை. ஆதலால் அது புரளாது, இழுபட்டுத் துள்ளும். கண்ணாடியில் நீர்க்கோடுகளை விட்டுச் செல்லும்.

1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டபின் ஜப்பானிய வண்டிகள் பெருகின. கொழும்பு பஞ்சிகாவத்தையின் உதிரிப்பாகக் கடைகளில் துடைப்பான்கள் குவிந்தன. இனிக் குறையில்லை என்று பழைய வண்டிக்காரர் மகிழ்ந்தனர். ஆனால் வாங்கிவந்த புதிய துடைப்பான் பழைய கையில் ஏறவில்லை. பற்றாக்குறைக் காலத்தின் இடர் பொருள் இல்லாமை. பெருக்கக் காலத்தின் இடர் பொருந்தாமை. இங்கேதான் நியமம் என்பதன் இயல்பு விளங்குகிறது. 1841இல் ஜோசப் விட்வேர்த் இங்கிலாந்தில் திருகாணிப் புரிகளுக்குப் பொது அளவு வகுத்தார். அதற்கு முன்னர் ஒரு பட்டறையின் திருகாணி மற்றொரு பட்டறையின் சுரையிற் சேராது. பொது அளவு வந்தபின் எங்கும் சேர்ந்தது. ஆயினும் எந்த நியமமும் தன் காலத்துப் பொருள்களுக்கே துணைநிற்கும். அளவு மாறும்போது, நேற்றைய பொருளை வைத்திருப்பவர் தாமே பாலம் அமைத்துக்கொள்ளவேண்டும்.

அப்பாலத்தை அமைப்பதற்கு முதலில் அறியவேண்டியது, துடைப்பானைத் தாங்கும் கையின் நுனி. பிற்கால வண்டிகளிற் பெரும்பாலானவற்றில் கையின் நுனி கொக்கிபோல் வளைந்திருக்கும். அதன் அகலம் பொதுவாக 9 மில்லிமீற்றர், தடிப்பு 3 அல்லது 4 மில்லிமீற்றர். பழைய பிரித்தானிய வண்டிகளிலோ நுனி வளையாது. நேரான தகடாக நீண்டிருக்கும். துடைப்பானிலுள்ள சிறு கூட்டுக்குள் அதைச் செருகினால், ஒரு சிறு புடைப்பு துளையில் அமர்ந்து பூட்டிக்கொள்ளும். அத்தகட்டின் அகலத்திலும் 5.2 மில்லிமீற்றர், 7.2 மில்லிமீற்றர் என வேறுபாடுகள் உண்டு. இரண்டு மில்லிமீற்றர் என்பது அற்பம் போலத் தோன்றலாம். ஆனால் தளர்ந்து பொருந்திய துடைப்பான் மழையின் நடுவே கழன்று விழுந்தால், வெறுங்கை கண்ணாடியைக் கீறும், ஓட்டுபவர் குருடராவார். கம்பியாற் கட்டுவதும் பசையால் ஒட்டுவதும் இதற்குப் பரிகாரமாகா. அந்த அளவுக்கென்று செய்யப்பட்ட இணைப்புத் துண்டே வேண்டும்.

இரண்டாவது அறியவேண்டியது நீளம். பழைய வண்டிகளின் முன்கண்ணாடி சிறியது. துடைப்பான் 8 முதல் 11 அங்குலம் வரையிலேயே இருக்கும். கடையில் இலகுவாகக் கிடைப்பவை இவற்றிலும் நீண்டவை. பெரிதாக இருந்தால் அதிகம் துடைக்குமே என்று கருதி அவற்றைப் பூட்டுபவர் உளர். நீண்ட துடைப்பான் கண்ணாடியின் ஓரத்து இறப்பரில் இடிக்கும். பிரிந்த கண்ணாடியாயின் நடுச் சட்டத்தில் மோதும். இரண்டும் ஒன்றையொன்று தாக்கவுங் கூடும். அதனோடு, சிறிய சுமைக்கென்று செய்யப்பட்ட பழைய மோட்டார் பெரிய சுமையை இழுத்துச் சூடேறிப் பழுதாகும். நீளம் கூடினால் அழுத்தமும் பங்கிடப்பட்டுக் குறையும் என்பதையும் மறத்தல் கூடாது. இறப்பர் செவ்வனே துடைப்பதற்கு ஒவ்வொரு சென்டிமீற்றர் நீளத்துக்கும் சுமார் 15 கிராம் அழுத்தம் வேண்டும். அறுபது ஆண்டு உழைத்துத் தளர்ந்த கைவில் 10 அங்குலத்தை அழுத்துவதே அரிது. 14 அங்குலத்தை அது எவ்வாறு அழுத்தும்?

மூன்றாவது அறியவேண்டியது கண்ணாடியின் வளைவு. தட்டையான கண்ணாடிக்கு விறைத்த ஒற்றை முதுகுடைய துடைப்பான் போதுமானது. வளைந்த கண்ணாடி வந்தபின், பல மூட்டுகளோடு கண்ணாடியைத் தழுவிச் செல்லும் துடைப்பான் வந்தது. 1990களின் இறுதியில் மூட்டுகளே இல்லாத வில்போன்ற புதிய துடைப்பான் வந்தது; அதன் உள்ளிருக்கும் உருக்குப் பட்டை முன்கூட்டியே வளைக்கப்பட்டிருக்கும். பார்ப்பதற்கு அழகு, வளைந்த கண்ணாடியில் வேலையும் நன்று. ஆனால் அதனைத் தட்டையான பழைய கண்ணாடியில், தளர்ந்த கையிற் பூட்டினால், இரு நுனிகளும் அழுந்த, நடுப்பகுதி கண்ணாடியைத் தொடாது உயர்ந்து நிற்கக்கூடும். ஓட்டுபவரின் கண்ணுக்கு நேரே உள்ள பகுதியே துடைக்கப்படாது போகும். புதுமை என்பது எல்லா இடத்துக்கும் நன்மை என்று கொள்ளலாகாது.

இவற்றை ஆராய்ந்தபின் பழைய வண்டிக்காரருக்கு மூன்று வழிகள் எஞ்சுகின்றன. பழைய அளவிலேயே செய்யப்படும் துடைப்பானைத் தேடிப் பெறுதல் முதலாவது வழி. ஏற்ற இணைப்புத் துண்டுடன், ஏற்ற நீளமுள்ள பொதுத் துடைப்பானைப் பொருத்துதல் இரண்டாவது. பழைய உலோக முதுகு துருப்பிடியாது உறுதியாக இருந்தால், அதனை வைத்துக்கொண்டு இறப்பரை மாத்திரம் மாற்றுதல் மூன்றாவது. சிக்கனமும் சிறப்பும் உடைய வழி இதுவே. மாற்று இறப்பர்கள் பெரும்பாலும் 6 அல்லது 8 மில்லிமீற்றர் அகலத்தில் நீளமாக வரும். பழைய இறப்பரை அருகில் வைத்து அளந்து, பூட்டும் பள்ளம் உள்ள முனையை விட்டு, மற்ற முனையில் வெட்டுதல் வேண்டும். பழைய இறப்பரின் இரு பக்கத்திலும் இருந்த மெல்லிய உருக்குக் கம்பிகளை எறிந்துவிடலாகாது. அவையே நாக்கை நேராக நிறுத்துவன.

பூட்டும்போது செய்யவேண்டிய சிறு காவல்களும் உண்டு. துடைப்பானைக் கழற்றுமுன் கண்ணாடியின் மீது தடித்த துணியொன்றை விரித்தல் வேண்டும். கை நழுவினால் வெறும் உலோகம் வில்லின் வேகத்தோடு விழுந்து கண்ணாடியை உடைத்துவிடும். பழைய வண்டியின் கண்ணாடிக்கு மாற்றுக் கண்ணாடி தேடுவது துடைப்பான் தேடுவதிலும் பன்மடங்கு கடினம். பூட்டியபின் உலர்ந்த கண்ணாடியில் ஓடவிடாமல், நீர் தெளித்து ஓடவிட வேண்டும். இரு எல்லைகளிலும் இடிக்கிறதா, நிற்கும் இடம் சரிதானா என்று பார்க்கவேண்டும். துள்ளுமாயின் குற்றம் எப்போதும் இறப்பரினுடையதன்று. கையின் நுனி முறுகி, இறப்பர் கண்ணாடிக்குச் செங்குத்தாக நில்லாமற் போனாலும் நாக்கு ஒரு பக்கமே புரளும். அக்கையை இரு குறடுகளாற் பிடித்து மிகச் சிறிதே திருப்பிச் சீராக்குவர் அனுபவமிக்க பாஸ்மார். டீசற் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்த கண்ணாடியை முதலிற் சவர்க்காரமிட்டுக் கழுவவேண்டும் என்பதும் அவர்கள் சொல்லும் அறிவுரை.

எத்தனை கவனமாகப் பூட்டினாலும் இறப்பர் அழியும் பொருளே. வெயிலும், காற்றிலுள்ள ஓசோனும் இயற்கை இறப்பரைத் தாக்கி வெடிப்பு உண்டாக்கும். மழை மிகுந்த ஊரில் துடைப்பான் மழையால் தேய்கிறது என்று பலர் எண்ணுவர்; உண்மையில் அதனைப் பெரிதும் கெடுப்பது மழையில்லாத நாட்களின் வெயில். பங்குனி, சித்திரை வெயிலில் நின்ற வண்டியின் துடைப்பான், வைகாசி மழையின் முதல் நாளிலே கைவிடுவது இதனாலேயே. ஆகவே மழை தொடங்கிய பின்னர் அல்ல, தொடங்குமுன் விரலால் விளிம்பைத் தடவிப் பார்த்தல் அறிவுடைமை.

2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டது. 2022இல் பொருளாதார நெருக்கடி நாட்டை உலுக்கியது. தனியார் வாகனங்களின் இறக்குமதி 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் தொடங்கியது. அந்த ஐந்து ஆண்டுகளில், 1970களின் பழைய பாடம் புதிய தலைமுறைக்கு மறுபடி கற்பிக்கப்பட்டது. இருப்பதைக் காக்கத் தெரிந்தவர் கையே நம்பிக்கைக்குரிய கையாயிற்று. இதற்கு முன்னரும் அக்கையின் பெருமையை வெளியுலகம் அறிந்ததுண்டு. 1990களில் மொறிஸ் மைனருக்கான தகட்டு உறுப்புகள் இலங்கையிலேயே செய்யப்பட்டு, அவ்வண்டி பிறந்த இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டன. பாலாகப் போய்ப் பண்டமாகத் திரும்பிய நாட்டிலிருந்து, இம்முறை கைவினை பண்டமாகவே சென்றது.

துடைப்பானின் வரலாற்றில் மேரி அண்டர்சனின் பெயர் நூறாண்டு கழித்து நினைக்கப்பட்டது. பால்வெட்டிய கைகளின் பெயர்களும், பட்டறையில் இரண்டு மில்லிமீற்றரை அளந்த கைகளின் பெயர்களும் எந்த ஏட்டிலும் ஏறவில்லை. ஆனால் அவர்கள் வேலை நின்றுவிடவில்லை. மழையிருளில் நோயாளியொருவரை ஏற்றிக்கொண்டு மலைத்தெருவில் இறங்கும் வண்டியின் கண்ணாடி தெளிவாக இருக்குமாயின், அந்தத் தெளிவு அவர்கள் கொடுத்தது. அதைக் காப்பாற்ற, மழைக்கு முந்திய ஒரு காலை நேரமும், அளவறிந்து பூட்டும் பொறுமையும் போதும்.